முருங்கைக்கம்புக்கு வந்த கூட்டம்

கீரைத்தோட்டத்து வேலியில், வைரம் பாய்ந்த கருவேலங்கம்பும் ஒரு முருங்கைக்கம்பும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தினமும் காலையில் ஒரு கிடா வரும். மற்ற கம்புகளை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக முருங்கையிடம் போய், செல்லமாக ஒரு முட்டு முட்டிவிட்டுப் போகும்.

கருவேலத்துக்கு வயிறு எரிந்தது. "அப்படி என்னடா இருக்கு உன்கிட்ட? நானும்தான் நிக்கிறேன், என்னை ஒருத்தனும் சீண்டுறதில்லையே!"

"எனக்குப் பயமா இருக்குண்ணே. கொஞ்சம் தாங்கிக்குங்க," என்றது முருங்கை.

"ரொம்பத்தான் அலட்டிக்காதே," என்று கருவேலம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒருநாள் இரண்டு ஆடுகள் வாசல் படலருகே போய்க் கத்தின. காவல் நாய் அங்கே ஓடிய நேரம் பார்த்து, மந்தை மொத்தமும் முருங்கைமேல் பாய்ந்தது. முருங்கை முறிந்தது, கீரையும் போனது.

"சாகும்போதும் இவனுக்கு இத்தனை கூட்டமா!" என்று பொருமியது கருவேலம்.

தோட்டக்காரர் அந்த இடத்தில் கல்தூண் நட்டார். மழைக்காலம் முடிவதற்குள் கருவேலத்தின் அடியில் கறையான் ஏறியது. ஒரு காலையில் கிடா வந்து அதை மெல்ல முட்டியது. கருவேலம் லேசாக ஆடியது. சந்தோஷத்தில்தான் ஆடுகிறோம் என்று நினைத்துக்கொண்டது.

"இப்பதான் நான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சேனா?"

"தெரிஞ்சீங்கண்ணே," என்றது கிடா. பிறகு பின்னால் நின்ற இரண்டு ஆடுகளிடம், "நீங்க படல் பக்கம் போய்க் கத்துங்க," என்றது.