ஆறாவது படம்

வீட்டில் பழுதுபார்க்கும் ஒவ்வொரு கருவியைப் பற்றியும், மற்றவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்று படங்களோடு இணையத்தில் எழுதிவைப்பது என் வழக்கம். அக்காவின் ரேடியோவை, கம்பிகளைத் தலைகீழாக இணைத்து நானே கருக்கிவிட்டேன். அதை எழுத வெட்கமாக இருந்தது. கருகுவதற்கு முன் எடுத்த ஐந்து படங்களைப் போட்டு, ‘இப்போது பாடுகிறது’ என்று முடித்தேன்.

மறுநாள் நாலு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிவின் கடைசியில் நான் போடாத ஆறாவது படமும் இருந்தது. அக்கா வீட்டு அலமாரியில் அதே ரேடியோ; அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா போனில் அழைத்தாள். “நல்லாப் பாடுதுடா. வந்தவன் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம வச்சிட்டு ஓடிட்டியே, பெரிய இன்ஜினியர்.”

மேசைக்கு அடியிலிருந்த பெட்டியைக் காலால் இழுத்துத் திறந்தேன். கருகிய ரேடியோ உள்ளேதான் இருந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

“அவசரம்க்கா” என்றேன்.