மூன்றாம் இடம்

"டெரிக், திரும்பிப் பாரேன்! அந்தம்மா இன்னும் நம்மள விடல!"

நெவில் உற்சாகத்தில் கத்தினான். ஒரு பண்ணை கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு, இங்கிலாந்தின் டெர்பிஷயரில் தண்டவாளம் எடுத்துவிட்ட பழைய ரயில் பாதைச் சரளையில் இருவரும் சைக்கிளில் பாய்ந்து இரண்டு மைல் ஆகியிருந்தது. ரப்பர் பூட்ஸும் துருப்பிடித்த சைக்கிளுமாக ஒரு பெண்மணி, கையை ஆட்டி ஆட்டி அப்போதிலிருந்தே துரத்தி வந்தார்.

"ஏதோ கத்துறாங்கடா."

"சவால் விடுறாங்க! புது சைக்கிள் எதுக்கு வாங்கினோம்? மிதிடா!"

சுரங்கப்பாதையைத் தாண்டி, டீக்கடையாக மாறிவிட்ட ஸ்டேஷனில் முதலில் பிரேக் போட்டவன் நெவில்தான். கால் தரையில் படவில்லை அவனுக்கு. டெரிக்கை அடுத்து மூச்சிரைக்க வந்து இறங்கிய பெண்மணியிடம் ஓடிப்போய்க் கை நீட்டினான்.

"பிரமாதம் மேடம்! மூணாவது இடம் உங்களுக்குத்தான்!"

"மிச்சம் நாப்பது பேரும் பின்னாடி வர்றாங்க."

"நாப்பது பேரா? யாரு?"

சுரங்கத்துக்குள்ளிருந்து 'ம்மே' என்று ஒரு குரல் வந்தது. தொடர்ந்து ஒரு மந்தையே கத்தியது.

"நீ சாத்தாம வந்தியே, அது எங்க பண்ணை கேட்டு. சைக்கிளைத் திருப்பு தம்பி. அதுங்க வீடு போய்ச் சேர்ற வரைக்கும் போட்டி முடியாது!"