சொல்லியே ஆகவேண்டிய உண்மை

“நீங்க போகாதீங்க. யார் வேணும்னாலும் போய்ச் சொல்லட்டும், நீங்க மட்டும் போகாதீங்க.”

மருந்துக்கடையின் கண்ணாடி மேசை ஓரமாக நின்று மனைவி இப்படிச் சொன்னபோது, கடைக்காரர் இருமல் மருந்து அடுக்கில் கண் சொட்டு மருந்தை வைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இதே கூத்துதான். காய்ச்சல் மருந்து கேட்டவரிடம் பஞ்சை எடுத்துக் கொடுத்தார். இன்னொருவரிடம் ஒரே சீட்டை மூன்று முறை வாங்கிப் பார்த்தார். கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்.

“ஞாயித்துக்கிழமை சபையில கல்யாண அறிவிப்பு வாசிச்சிடுவாங்க. அதுக்கப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?” என்றார்.

“அது அவங்க வீட்டுக் கல்யாணம்.”

“மறைச்சுப் பண்ற கல்யாணம். அந்தப் பொண்ணுக்கு வலிப்பு இருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது.”

மனைவி போய், கடையிலிருந்து வீட்டுக்குள் திறக்கும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “மெதுவாப் பேசுங்க.”

சபையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதால் அந்தப் பெண்ணுக்குப் ‘பாட்டு டீச்சர்’ என்றே பெயர். மாதம் ஒருமுறை, கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கடைக்கு வருவாள். மருத்துவர் எழுதிய சீட்டை மடித்தபடியே நீட்டுவாள். ஆறு வருடமாக வலிப்பு மாத்திரையை எடுத்து உறையில் போட்டுக் கொடுப்பவர் இவர்தான். தச்சரின் மகனுக்கு அவளைப் பேசி முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நம்மளை நம்பித்தானே அது சீட்டை நீட்டுது?” என்றாள் மனைவி. “மருந்துக்கடைக்காரன் வாய், மூடி போட்ட பாட்டிலா இருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க.”

“அதெல்லாம் உலக ஞானம். நமக்கேன் வம்புன்னு ஒதுங்கிப் போற ஞானம். நான் ஒரு வாரமா மேலேருந்து வர்ற ஞானத்தைக் கேட்டு ஜெபம் பண்ணிட்டிருக்கேன். முழங்கால் போட்டா வேற எதுவும் வரமாட்டேங்குது, அந்தத் தச்சர் வீட்டு வாசல்தான் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. அதுக்கு என்ன அர்த்தம்?”

மனைவி அந்தக் கண் சொட்டு மருந்தை எடுத்து அதற்குரிய அடுக்கில் வைத்தாள்.

“அது உங்களுக்குத்தான் தெரியணும். மேலேருந்து வந்த ஞானம்னா மனுஷனுக்கு ஒரு சமாதானம் இருக்குமே. நீங்க நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?”

“சத்தியத்தைப் பேச வேண்டியவனுக்கு உள்ளுக்குள்ள நெருப்புதான்.”

“நெருப்புல எத்தனையோ வகை இருக்குங்க.”

அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

தச்சுப் பட்டறை மூன்று தெரு தள்ளி இருந்தது. முதல் தெரு முனையில், திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நின்றார். அடுத்த தெருவில் நடையை எட்டிப் போட்டார். எப்படி ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று உதடு தானாக முணுமுணுத்துக்கொண்டே வந்தது. எதிரே வந்த சபைக்காரர் ஒருவர் “ஸ்தோத்திரம்” சொன்னது காதிலேயே விழவில்லை.

தச்சர் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் இழைப்புளியைக் கீழே வைத்தார். ஸ்டூலில் படிந்திருந்த மரத்தூளைத் துண்டால் தட்டி, “உக்காருங்கண்ணே” என்றார்.

இவர் உட்காரவில்லை. சாய்த்து வைத்திருந்த பலகையில் தோளை முட்டுக்கொடுத்து நின்றபடி, “உங்க நல்லதுக்குத்தான் வந்தேன். வேற எந்த எண்ணமும் இல்ல, கர்த்தருக்குத் தெரியும்” என்று தொடங்கி, மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். நோயைச் சொன்னார். மாத்திரையின் பெயரைச் சொன்னார். எத்தனை வருடம் என்பதைச் சொன்னார். அப்படியும் தச்சரின் முகம் மாறாததைப் பார்த்து, “பிறக்கிற பிள்ளைங்களுக்கும் கண்டிப்பா வருமாம்” என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். எந்த மருத்துவரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

“தெரியும்ணே” என்றார் தச்சர்.

“தெரியுமா?”

“முதல் நாளே அந்தப் பொண்ணு எங்க எல்லார் முன்னாடியும் சொல்லிடுச்சு. டாக்டரையும் போய்ப் பார்த்துட்டு வந்தோம். மாத்திரை போட ஆரம்பிச்சதுலேருந்து ஒரு தடவைகூட வரலையாம். எம் பையன் இப்பவே மாத்திரை நேரத்துக்குப் போன்ல அலாரம் வச்சிருக்கான்.”

கடைக்காரர் பலகையிலிருந்து தோளை எடுத்தார். “அப்ப சரி… நான் உங்களுக்குத் தெரியாதோன்னு…”

“உங்களைப் பத்திக்கூடச் சொல்லிச்சு. மருந்துக்கடை அங்கிள் வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது, அந்தத் தைரியத்துலதான் அங்கேயே வாங்குறேன்னு.”

இவர் வாசல் பக்கம் திரும்பினார். தச்சரும் கூடவே நடந்து வந்து, இவர் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கையால் தட்டிவிட்டார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

“ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீங்களும் அண்ணியும் உங்க பொண்ணுக்கு எம் பையனைக் கேட்டு வந்தப்போ, நாங்க முடியாதுன்னு சொன்னதை மனசுல வச்சுக்காதீங்கண்ணே. அன்னையிலேருந்து எங்க வீட்டு ஜெபத்துல தினமும் உங்க பொண்ணு பேரும் இருக்கு.”