ஆட்டுக் கொட்டகைக்கு முட்டைப் பூச்சு

"ஆட்டுக் கொட்டகைக்கா?"

கூத்தையா கொத்தனார் காதில் விழுந்ததை நம்பாமல் இன்னொரு தரம் கேட்டார்.

"ஆமா கொத்தனாரே. கொட்டகைச் சுவருக்கும் அதே முட்டைப் பூச்சுதான். கூடத்துல போட்ட மாதிரியே வழவழன்னு வரணும்" என்றார் வாவு முகம்மது.

கூத்தையா கீழக்கரைக்கு வேலைக்கு வந்து ஐம்பது நாளாகிறது. முதலில் கூடம் மட்டும் என்றுதான் பேச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பை மை போல அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் நாள் கணக்கில் தேய்த்து மெருகேற்றிவிட்டார். சுவரைப் பார்த்துத் தலை சீவலாம். ஈ உட்கார்ந்தால் வழுக்கும்.

கூடம் முடிந்ததும் அறை என்றார் வாவு முகம்மது. அறை முடிந்ததும் நடைவழி. அப்புறம் விறகு போடுகிற இடம். இப்போது இது.

"மொதலாளி, ஆடு முகம் பாத்து என்ன பண்ணப் போவுது?"

"பாத்துட்டுப் போவட்டுமே."

"கொம்பால ரெண்டு முட்டு முட்டினா அம்புட்டும் பேந்துரும். வெள்ளை அடிச்சாப் போதும். ஒரே நாள்ல முடிச்சிட்டு நான் ஊருக்குக் கிளம்புறேன். முதுகுளத்தூர்ப் பக்கம் மழை விழுந்திருச்சு. ஈரம் காயறதுக்குள்ள விதைச்சாத்தான் உண்டு. ஏர் பிடிக்க வீட்டுல வேற ஆளில்ல."

"இன்னும் பத்து நாள் இருங்க கொத்தனாரே."

"பத்து நாளைக்கு மண்ணுல ஈரம் நிக்குமா?"

வாவு முகம்மது கொட்டகைச் சுவரைத் தடவிப் பார்த்தார். முடிவை மாற்றுகிற முகமாகத் தெரியவில்லை.

கூத்தையாவுக்குச் சுருக்கென்றது. டீக்கடையில் பேசிக்கொள்வது சரிதான். 'வாவு முகம்மதுக்குச் சுவர்ப் பைத்தியம்ப்பா. அடுத்து கிணத்துக்கு உள்ளேயும் பூசச் சொல்வாரு' என்று நேற்றுக்கூடச் சிரித்தார்கள். ஊரில் பாதி வீட்டில் கஞ்சிக்கே இழுபறி. இங்கே தினம் இருபது முட்டை சுவருக்குப் போகிறது.

"கும்பிட்டுக் கேட்டுக்கிறேன் மொதலாளி. வேற ஆளைப் பாத்துக்கங்க."

கரணையைக் கழுவிச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டார். போகிற வழியில் கொல்லைப்புறக் கதவருகே நின்றார்.

தினமும் அந்த ஒருச்சாய்த்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து முட்டை உடைத்துக் கொடுக்கிறவள் உம்மு ஹபீபா, பக்கத்து வீட்டுக்காரி. அவள் முகத்தை அவர் பார்த்ததில்லை. வெள்ளைக்கருச் சட்டியை நீட்டுகிற கை மட்டும்தான் தெரியும். கெட்டிக்காரி. ஐம்பது நாளில் ஒரு பொட்டு மஞ்சள் கலந்ததில்லை.

"தாயி, நாளையிலருந்து முட்டை உடைக்க வேண்டாம். வேலை முடிஞ்சிருச்சு."

சட்டியை நீட்டிய கை அப்படியே நின்றது.

"கொட்டகை பாக்கி இருக்குன்னு காக்கா சொன்னாங்களே?" வாவு முகம்மதுவை அவள் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் சொல்வாள்.

"அதுக்கு எதுக்குத் தாயி முட்டை? வீண் பகட்டு."

 உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அப்ப இன்னிக்கு மஞ்சக்கருவுல பாதியை நாளைக்கு எடுத்து வச்சிர வேண்டியதுதான்."

அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அதற்குள் வாவு முகம்மது வேகமாக வந்து அவர் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "அவ புருசன் கொழும்புக்குப் போயி ஒண்ணரை வருசமாச்சு. ஆளும் வரல, கடுதாசியும் வரல. மூணு புள்ளைக. பெருநாளைக்கு அரிசி கொடுத்தனுப்பினேன். 'நான் வாங்கித் திங்கிறவ இல்ல காக்கா'ன்னு வாசல்லேயே திருப்பி வச்சிட்டா. அப்புறம்தான் நீங்க கூடம் பூச வந்தீங்க. வெள்ளைக்கரு சுவருக்குப் போயிரும், மஞ்சக்கருவைக் குழியிலதான் கொட்டணும், முட்டை உடைச்சுக் கொடுத்துட்டு அதை எடுத்துக்கிறியாம்மான்னு கேட்டேன். வீணாப் போறதுதானேன்னு எடுத்துக்கிட்டா. அன்னையிலருந்து அந்தப் புள்ளைக ஒரு வேளையாவது வயிறாரத் திங்குது."

கூத்தையா தோளிலிருந்த சாக்கை இறக்கினார்.

"கூடம் முடிஞ்சதும் அறைன்னேன். அறை முடிஞ்சதும் நடைவழின்னேன். இனிப் பூசறதுக்கு என் வீட்டுல கொட்டகைய விட்டா சுவரு இல்ல கொத்தனாரே."

கூத்தையா சாக்கைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டுக் கதவருகே திரும்பி வந்தார்.

"தாயி, அவசரத்துல தப்பாச் சொல்லிட்டேன். முட்டை இல்லாமக் கொட்டகை வேலை ஆகாது. நான் ஊருக்குப் போயி விதைச்சிட்டு எட்டு நாள்ல வாரேன். அதுவரைக்கும் நீங்க தினம் இருபது முட்டை உடைச்சு, வெள்ளையைப் பானையில சேத்துக்கிட்டே வாங்க. மஞ்சக்கரு மட்டும் இங்கன இருக்கப்படாது. அன்னன்னிக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரணும்."

"எட்டு நாளைக்கா? வெள்ளைக்கரு கெட்டு நாத்தம் எடுக்காதா?"

குழைத்து ஒரு நாழிகை கூடிப்போன சுண்ணாம்பைக்கூட மண்ணில் கொட்டிவிட்டுப் புதிதாகக் குழைக்கிறவர் கூத்தையா. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாறினாத்தான் தாயி சுவரு கண்ணாடியா வரும். எங்க கொத்துக்காரங்க ரகசியம் இது, வெளியில சொல்லிராதீங்க."