வேடிக்கை பார்க்காதவள்

"தம்பி, அந்தப் பொண்ணைக் கடைசி வரிசைக்குப் போகச் சொல்லுங்க. இங்கே நான் உட்கார்ந்துக்கிறேன்" என்றார் தலைமையாசிரியை.

ஓய்வு பெற்று ஆறு மாதமாகியும் அந்தக் குரலைவிட்டு வகுப்பறை போகவில்லை. சுற்றுலாப் பேருந்தின் வழிகாட்டி மைக்கை இறக்கினான். முன் சீட்டிலிருந்த பெண்ணைப் பார்த்தான். அவள் மறுபேச்சுப் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

தலைமையாசிரியை காலையிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருந்தார். உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கிய நாற்பது பேரும் ஊரைப் பார்க்க ஜன்னலுக்கு முண்டியடித்தார்கள். அவள் மட்டும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. கலங்கரை விளக்கம் வந்தாலும் சரி, பழைய சுங்கக் கட்டடம் வந்தாலும் சரி, கண் வழிகாட்டியின் முகத்தில்தான். அவனும் லேசுப்பட்டவனில்லை. கோட்டையின் வயதைச் சொல்ல வாயெடுத்தவன், அவளைப் பார்த்துவிட்டு இருநூறா முந்நூறா என்று தடுமாறினான்.

அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டார். மீன் சந்தையில் இறங்கி நின்றபோது அவள் எட்டி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாளே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவன் விரலில் கல்யாண மோதிரம் வேறு.

பேருந்து கடற்கரைச் சாலையில் திரும்பியதும் அவனை அருகில் கூப்பிட்டு, கல்யாணமாகி எத்தனை வருடம் என்று விசாரித்தார். இரண்டு என்றான்.

"உங்களை நம்பி ஒருத்தி வந்திருக்கா தம்பி. அவளைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க" என்றார், குரலைத் தணித்து.

"அவளைத்தாம்மா நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

சொல்லும்போதே அவன் கண் கலங்கியது. சுருக்கென்று தைத்துவிட்டது போலிருக்கிறது என்று அவருக்குத் திருப்தி.

அதன்பின் இரண்டு மணி நேரம் அவன் ஒரு தேதிகூடப் பிசகாமல் ஊரைச் சுற்றிக்காட்டினான். குரலில்தான் உயிரில்லை. ஒருமுறை அவர் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் அந்தப் பெண் முன்னால் இருந்த தலைகளுக்கு நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். என்ன ஜென்மமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துறைமுகத்துக்குத் திரும்பியதும், பயணிகள் கருத்தெழுதும் தாளை வாங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினார். அவனுக்குக் கெடுதல் செய்யும் எண்ணமில்லை. வீட்டில் இதெல்லாம் தெரியாமல் காத்துக்கொண்டிருப்பாளே, அந்தப் பாவப்பட்டவளுக்காக யாராவது கேட்கத்தானே வேண்டும்?

கடைசி ஆளாக அந்தப் பெண் இறங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கப்பலை நோக்கி நடந்தாள். வழிகாட்டி பேருந்துப் படியிலேயே நின்றுவிட்டான்.

தாளைப் பெட்டியில் போடப்போனவரை ஓட்டுநர் வந்து தடுத்தார். அதைப் போட்டால் அவன் வேலை போய்விடும் என்று கெஞ்சினார்.

"போகட்டுமே. பொண்டாட்டிக்குத் துரோகம் பண்றவனுக்கு நீங்க என்ன வக்காலத்து?"

ஓட்டுநர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலை அடக்கிக்கொண்டார்.

"சொந்தக்காரங்களை வண்டியில ஏத்தக் கூடாதுன்னு எங்க கம்பெனியில சட்டம்மா, அதான் ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. உங்க கப்பல்ல துணி வெளுக்கிற பொண்ணு அது, அவனோட சம்சாரம். நாலு மாசத்துக்கு ஒருதரம்தான் கரையில கால் வைக்க விடுறாங்க, கப்பல் வர்ற அன்னைக்கு இவனுக்கு லீவு கிடையாது, அதனால டிக்கெட் எடுத்துக்கிட்டு வண்டியில ஏறிடுது."