உறுமினால்தான் வண்டி

அந்த பஸ் ஸ்டாண்டுக்குப் புதிதாக ஒரு மின்சார பஸ் வந்தது. புறப்படும் நேரமாகியும் அதில் ஒருவரும் ஏறவில்லை. எதிரே டீக்கடையில் கூட்டம் ஆற அமர டீ குடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு கிழட்டு டீசல் பஸ் நின்றது. கியர் உடைந்து, நகர முடியாமல், காயலான் கடைக்குப் போகக் காத்திருந்த வண்டி.

"ஏண்ணே, யாருமே வரமாட்டேங்கிறாங்க?" என்று கேட்டது மின்சார பஸ். "இப்படியே காலியாப் போனா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"வண்டி உறுமினாத்தான் தம்பி நம்ம ஜனம் டீயை வச்சுட்டு ஓடிவரும். உனக்குத்தான் சத்தமே வராதே!"

"எனக்காக நீங்க ஒரு தடவை உறுமுங்களேன்."

டீசல் பஸ்ஸுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கரும்புகை கக்கி, ஜன்னலெல்லாம் கடகடக்க உறுமியது. கூட்டம் விழுந்தடித்து ஓடிவந்தது. துண்டு போட்டு இடம் பிடித்து, முண்டியடித்து ஏறியது, டீசல் பஸ்ஸில்.

மின்சார பஸ் காலியாகவே கிளம்பியது.

"அந்த வண்டி போகுதே?" என்றார் ஜன்னலோரத்தில் இருந்த கோதண்டம்.

"போகட்டும் சார்," என்றார் பக்கத்து சீட்டுக்காரர், காலை நீட்டிக்கொண்டே. "நம்ம வண்டி உறுமுற உறுமலுக்கு, நாமதான் முதல்ல போய்ச் சேருவோம்."