சைபர் அறுபத்தேழு

"இவ்வளவு கெதியா முடிஞ்சா அது என்ன வேலைகா?"

கலந்தர்லெப்பை கதிரையைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கல்முனை பஸாரில் போட்டோக்கொப்பிக் கடை நடத்தும் றஸ்னா, ஐந்து நிமிடம் போதும் என்று சொல்லிவிட்டு, சிரித்தபடி திரையைக் காட்டினாள். ஒலுவிலில் தோணியிலிருந்து தண்ணிக்குள் விழுந்த அவருடைய போனிலிருந்து, திருத்துகிறவன் மீட்டுக் கொடுத்தது அது. மூன்று வருடத்து ஸலாம், மீன் கதை, எந்த நம்பருக்கு எப்போது கோல் எடுத்தது என்ற விபரம், எல்லாம் ஒரே குப்பையாய்க் கிடந்தது.

அதற்குள் இருக்கிற நம்பர்கள் மட்டும் அவருக்கு வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிக்காஹ். ஓர் ஆளுக்குச் சொல்ல விடுபட்டாலும் 'ஒளித்துச் செய்தான்' என்று மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கதை போய்விடும்.

பேத்திக்கா என்று றஸ்னா கேட்டதற்கு ஓர் உறுமல்தான் பதில்.

பிள்ளை ஒவ்வொன்றாய்ப் பார்த்து எழுதும், இரண்டு நாள் எடுக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவள் என்னவென்றால் தேடுகிற பெட்டிக்குள் சைபர், ஏழு, ஒரு சரிந்த கோடு, ஓர் இங்கிலீஷ் டி, நெளிந்த அடைப்புக்குறிக்குள் எட்டு என்று கோழி கிண்டியதுபோல் எதையோ தட்டினாள். சைபர் ஏழில் தொடங்கி எட்டு இலக்கம் தொடர்கிற நம்பரெல்லாம் திரை முழுக்க மஞ்சளாகின. அத்தனையையும் ஒரே பிடியில் எடுத்து வெறும் பக்கத்தில் கொட்டினாள். இரட்டித்ததை அழித்தாள்.

இருநூற்றுப் பதினாலு பேர்.

அவளும் வாசிக்கவில்லை, மெஷினும் வாசிக்கவில்லை. எப்படி நம்புவது?

அவருக்கு மனப்பாடமாய்த் தெரிந்தது ஒரே ஒரு நம்பர். அது இருந்தால் மற்றதும் இருக்கும். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார்.

இல்லை.

"பாத்தியா! ஒண்ட மெஷின் பொய் செல்லுது." அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"அந்த நம்பரச் செல்லுங்க மாமா."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சைபர் அறுபத்தேழு என்று தொடங்கியது.

"அல்லாஹ், வீட்டுப் போனா! நான் கைப்போனத்தானே தேடின. இந்தக் காலத்தில ஆரு மாமா அத வச்சிரிக்காங்க?"

ஏழுக்கு முன்னால் ஓர் ஆறைச் சொருகினாள். எட்டை ஏழாக்கினாள். திரும்பவும் மஞ்சள். பிடித்தாள், கொட்டினாள்.

பக்கம் கீழே போய்க்கொண்டே இருந்தது.

முன்னூற்றுப் பன்னிரண்டு வரி. எல்லாம் அதே நம்பர்.

றஸ்னா இம்முறை எதையும் அழிக்கவில்லை. மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஆருட வீடு மாமா இது? இவங்களுக்கும் நிக்காஹ் செல்லோணுமா?"

கலந்தர்லெப்பை தொப்பியைச் சரிசெய்தார்.

"சபூறாட வீடு. அவக்குக் கைப்போன்ல நம்பிக்கையில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொண்ணுக்கு மாப்பிளையே அழைப்புச் செல்லுவானாகா?"